காளை இருந்தால் ஆதிநாதர், சங்கு இருந்தால் நேமிநாதர்!

ராயபுரத்தில் புறப்பட்டுத் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை போகிறவர் கண்ணில் படுவது என்ன? துறைமுகத்துப் பாரந்தூக்கிகள், சரக்கு லாரிகளின் வரிசை, தொழிற்சாலைப் புகைபோக்கிகள். "இந்தப் பக்கத்தில் சமண சமயத்துக்கு என்ன வேலை?" என்று யாராவது கேட்டால் ஆச்சரியப்படுவதற்கில்லை.

திருவொற்றியூரிலிருந்து மேற்கே திரும்பி, மணலியும் மாதவரமும் தாண்டிப் புழலுக்குப் போனால் விடை கிடைக்கும். புழல் என்றதும் சென்னைவாசிகளுக்கு ஏரி நினைவுக்கு வரும். அடுத்தபடியாகச் சிறைச்சாலை நினைவுக்கு வரும். முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதருக்கு அங்கே ஒரு கோயில் இருப்பதை அறிந்தவர்கள் குறைவுதான்.

தொண்டை நாட்டின் 24 கோட்டங்களில் புழல் கோட்டமும் ஒன்று. குறும்பர்கள் அங்கே கோட்டை கட்டி ஆண்டார்கள் என்றும், ஒரு சமணப் பெரியார் வந்து அவர்களைத் தம் சமயத்துக்குத் திருப்பினார் என்றும், அவர் பொருட்டுப் புழலில் கோயில் எழுந்தது என்றும் ஒரு கதை வழங்கி வருகிறது. 1821-இல் காலமான கர்னல் காலின் மெக்கன்சி ஊர் ஊராகத் திரட்டிய சுவடிகளில் இக்கதை இடம் பெற்றிருக்கிறது. தொண்டைமான் படையெடுத்து வந்து குறும்பரை வென்றதைத் திருமுல்லைவாயில் தலபுராணமும் சொல்லும். கோட்டை போயிற்று, ஆதிநாதர் இருக்கிறார். வடக்கேயிருந்து வந்து சென்னையில் குடியேறிய சுவேதாம்பர ஜைனர்கள் இன்று அக்கோயிலைக் 'கேசர்வாடி' என்ற பெயரால் போற்றி வருகிறார்கள்.

பெயர் சொல்லும் சின்னம்

தீர்த்தங்கரர்கள் 24 பேர். சிலையில் அத்தனை பேரும் ஏறக்குறைய ஒரே தோற்றம்தான். ஒன்று, பத்மாசனத்தில் அமர்ந்து மடியில் கைகளை வைத்திருப்பார்கள். அல்லது கைகளைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்பார்கள். ஆயுதம் இல்லை, வாகனம் இல்லை. பிறகு யார் எவர் என்று தெரிந்துகொள்வது எப்படி?

பீடத்தைப் பார்க்க வேண்டும்! அங்கே சிறியதாக ஓர் உருவம் செதுக்கியிருக்கும். காளை இருந்தால் ஆதிநாதர். பிறை இருந்தால் சந்திரப்பிரபர். மான் இருந்தால் சாந்திநாதர். சங்கு இருந்தால் நேமிநாதர். பாம்பு பார்சுவநாதருக்கு, சிங்கம் மகாவீரருக்கு. இதற்கு இலாஞ்சனம் என்று பெயர். முத்திரை என்று சொன்னாலும் பொருந்தும்.

மிகப் பழைய சிலைகள் பலவற்றில் இந்தச் சின்னம் இராது. அவற்றில் தலைக்கு மேலே அடுக்கடுக்காக முக்குடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்சுவநாதரை மட்டும் எளிதில் கண்டுகொள்ளலாம். அவர் தலைக்கு மேல் நாகம் படம் விரித்திருக்கும்.

மயிலையிலிருந்து சித்தாமூருக்கு

சென்னைக் கடற்கரைக்கு இன்னொரு தீர்த்தங்கரரும் உரியவர். ஒரு காலத்தில் மயிலாப்பூரில் நேமிநாதருக்குக் கோயில் இருந்தது. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு 'நேமிநாதம்' என்று பெயரிட்டது அந்த மயிலை நேமிநாதரை எண்ணித்தான். நன்னூலுக்கு உரை எழுதிய மயிலைநாதரின் பெயரும் அவரையே நினைவூட்டுகிறது. கடல் பெருகி வருவதைக் கண்டு அஞ்சி, விக்கிரகத்தைத் திண்டிவனத்துக்கு அப்பாலுள்ள மேல்சித்தாமூருக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்பது பரம்பரைச் செய்தி. தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர் அது.

அந்த விக்கிரகத்துக்குப் பெயர் இருந்தது. எனவே காப்பாற்ற ஆள் இருந்தார்கள். வயல்வெளியிலும் ஏரிக்கரையிலும் தனித்துக் கிடக்கும் சிலைகளின் கதி வேறு. சில ஊர்களில் புத்தர் என்பார்கள். சில ஊர்களில் முனி என்று சூடம் ஏற்றுவார்கள். சூடம் ஏற்றுவதில் குற்றமில்லை. அந்தப் பக்தியால்தான் பல சிலைகள் பிழைத்தன. யாரும் எந்தப் பெயரும் சொல்லாத சிலைக்குத்தான் ஆபத்து. அது படிக்கட்டுக் கல்லாகும். அல்லது ஒரு நாள் இரவோடிரவாகக் காணாமல் போகும். பெயர் தெரியாத கல்லுக்குக் காவல் இல்லை!

காகித முத்திரைகள்

கல்லிலுள்ள முத்திரை செய்யும் காரியத்தைத் தபால் தலையும் செய்கிறது. போய்ப் பார்க்க முடியாதவர் வீட்டுக்கும் ஒரு கோயிலின் உருவத்தையும் பெயரையும் அது கொண்டு சேர்க்கிறது. துறைமுகத்துக்கு எதிரே 1884 முதல் நிற்கும் ஜெனரல் போஸ்டாபீஸ் வழியாக இப்படி எத்தனை கோயில்கள் பிரயாணம் செய்திருக்கும்!

1935-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாத் தலைகள் வந்தன. ஓரணாத் தலையில் நம் இராமேசுவரம் கோயில். ஒன்றேகால் அணாத் தலையில் கல்கத்தாவின் சமணக் கோயில். 1949 ஆகஸ்டு 15-ஆம் தேதி வெளிவந்த தொகுதியில் மிக உயர்ந்த விலையான 15 ரூபாய்த் தலை, குஜராத்தின் பாலிதானாவிலுள்ள சத்ருஞ்ஜயக் கோயிலுக்குக் கிடைத்தது.

மகாவீரர் தீபாவளியன்று நிர்வாணமடைந்தார் என்பது சமணர் கொள்கை. அதன் 2,500-ஆவது ஆண்டை ஒட்டி, 1974 நவம்பர் 13-ஆம் தேதி 25 காசுத் தலை வந்தது. அதிலிருப்பது பீகாரில் தாமரைக் குளத்தின் நடுவேயுள்ள பாவாபுரி ஆலயம். 1981-இல் வந்த ஒரு ரூபாய்த் தலை சிரவணபெளகொளாவின் கோமடேசுவரருக்கு. அவர் தீர்த்தங்கரர் அல்லர்; ஆதிநாதரின் குமாரர் பாகுபலி. அவருக்கு அடையாளம் உடலில் படர்ந்த கொடி. தவத்தில் அசையாமல் நின்றவர்மேல் கொடி ஏறிவிட்டதாம்! மகாவீரரின் 2,600-ஆவது பிறந்த ஆண்டுக்கு 2001-இலும், தில்வாரா, ராணக்பூர் கோயில்களுக்கு 2009-இலும் தலைகள் வெளியாயின.

கையும் சக்கரமும்

சௌகார்பேட்டைப் பக்கம் போகிறவர்கள், உள்ளங்கையில் சக்கரம் பதிந்த ஒரு சின்னத்தைப் பார்த்திருக்கலாம். மகாவீரரின் 2,500-ஆவது நிர்வாண ஆண்டில் சமணப் பிரிவுகள் எல்லாம் பொதுவாக ஏற்றுக்கொண்ட சின்னம் அது. வெளிக்கோடு உலகத்தின் வடிவம். சுவஸ்திகத்தின் நான்கு கைகள் தேவர், மனிதர், விலங்கு, நரகர் என்ற நால்வகைப் பிறவி. மூன்று புள்ளிகள் நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம். பிறையும் அதன்மேல் புள்ளியும் வீடு பெற்றோர் உறையும் இடம். கை, "நில்! எவ்வுயிருக்கும் தீங்கு செய்யாதே!" என்கிறது.

வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஊர்ப்புறத்தில் தியானத்தில் அமர்ந்த கற்சிலை எதிர்ப்பட்டால், தலைக்கு மேலும் பீடத்திலும் ஒரு பார்வை பாருங்கள். கண்டதைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்ததானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டிலேயே வந்த புதையல் சட்டம். பக்கத்திலுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். காளை என்றால் ஆதிநாதர், சங்கு என்றால் நேமிநாதர் என்று ஊரில் நாலு பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டால், அந்தச் சிலைக்கு நாலு காவல்காரர்கள் கிடைத்துவிட்டார்கள்!