கைதட்டோடு முடிந்த ஒத்திகை

போன தீபாவளிக்கு முந்தைய வாரம் மகள் படிக்கும் பள்ளியில் தீத்தடுப்பு ஒத்திகை. பெற்றோரும் வரலாம் என்றார்கள், போனேன். தீயணைப்பு வீரர் இரும்புத் தட்டில் டீசலை ஊற்றிக் கொளுத்திக் காட்டினார். எரியும் சிலிண்டரின் தலையில் ஈரச் சாக்கைப் போர்த்தி அணைத்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அரைமணி நேரத்தில் எல்லோரும் வகுப்புக்குத் திரும்பிவிட்டார்கள். அந்தச் சாக்கை ஒரு பிள்ளையும் தொடவில்லை. வராந்தாவில் தொங்கிய சிவப்புத் தீயணைப்பானை எப்படி இயக்குவது என்று ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன். “அதைத் தொடக்கூடாதுன்னு பசங்ககிட்ட சொல்லியிருக்கோம் சார்” என்றார். அவரும் தொட்டதில்லையாம்.

கும்பகோணம் காசிராமன் தெருவில் இருந்த பள்ளியில் 2004 ஜூலை 16 அன்று, சமையல்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக்கொட்டகைகள் இறங்கின, சான்றிதழ்கள் கூடின. 2009 ஏப்ரலில் அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையில் அடக்கம் என்றது. தீயணைப்பான் மாட்டிவைப்பதோடு விடாமல், ஆசிரியருக்கும் ஊழியருக்கும் அதை இயக்கப் பயிற்சி தரவேண்டும், ஒத்திகை தவறாமல் நடக்கவேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. கட்டடத்தைத் திருத்திவிட்டோம். கையைப் பழக்கும் வேலை மட்டும் அப்படியே கிடக்கிறது.

பழகிய கால் என்ன செய்யும் என்பதை ஜப்பானின் கமாய்ஷி நகரில் பார்த்தார்கள். 2011 மார்ச் 11 நிலநடுக்கம் நின்றதும், உனோசுமாய் பகுதி நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் யார் உத்தரவுக்கும் காத்திராமல் மேட்டை நோக்கி ஓடினார்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் மாடிக்கு ஏறியிருந்த சிறுவர்கள் அதைப் பார்த்து இறங்கிவந்து பின்னாலேயே ஓடினார்கள். முதலில் சேர்ந்த இடம் போதாது என்று பட்டதும் இன்னும் மேலே போனார்கள். இரண்டு பள்ளிகளையும் ஆழிப்பேரலை மூழ்கடித்தது. ஓடிய 500க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிழைத்தார்கள். பல வருடம் அதே வழியில் ஓடிப் பழகியவர்கள் அவர்கள்.

நம் பிள்ளைகளுக்கு அன்றாட ஆபத்து அடுப்படியில்தான். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் தீ பொங்கி முகத்துக்கு வரும். அடுப்பை அணைத்து, சட்டியை மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடவேண்டும். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைப் போடக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எரிகிற விளக்கை அணைக்கவும் கூடாது என்பது பாதிப்பேருக்குத் தெரியாது. ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் 1906க்குப் பேசவேண்டும். சுட்ட இடத்தில் இட்லி மாவு, பற்பசை எல்லாம் வேண்டாம், குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டினால் போதும். இதைப் பெரியவர்களுக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் பஜ்ஜி மடிக்கத்தான் போகும். ஆறாம் வகுப்புப் பிள்ளை வீட்டுக்கு வந்து சொன்னால் பாட்டிகூட கேட்டுக்கொள்வாள்.

கேட்கும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர்தான். கூட்டத்தில் எழுந்து, கடைசி ஒத்திகை எப்போது, வெளியேற எத்தனை நிமிடம் ஆனது, எந்த ஆசிரியர் பயிற்சி பெற்றார் என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். தனியார் பள்ளி என்றால் கட்டட உறுதிச் சான்றும் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றும் எந்தத் தேதிவரை செல்லும் என்று பாருங்கள். காட்ட மறுத்தால் முதன்மைக் கல்வி அலுவலகத்துக்குப் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் வரவேண்டும். புகாருக்கு 14417 என்ற எண்ணை அழைக்கலாம். ஒன்று, புகாரை எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

அன்று ஒத்திகை முடிந்து வந்த இரவு, விளக்கை அணைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு, நானும் மகளும் படுக்கையறையிலிருந்து வாசல்வரை தவழ்ந்து பார்த்தோம். புகை மேலே நிற்கும், தரையோரம்தான் மூச்சுவிட முடியும் என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். வாசலுக்கு ஒரு முழம் முன்னால் செருப்பு அலமாரியில் நெற்றியை இடித்துக்கொண்டாள். மறுநாள் காலையில் அலமாரியை மொட்டைமாடிக்கு ஏற்றினோம்.