சாய்விருக்கைச் சைக்கிளும் சங்கிலி எஞ்சினும்: ஒரு பொறியின் அமைப்பும் அதன் சமூக உறவுகளும்

இலக்கிய ஆய்வுக்கு முதன்மையளிக்கும் ஏடொன்றிற் சைக்கிள் பற்றிய கட்டுரை இடம்பெறுவது சிலருக்கு வியப்பாக இருத்தல் கூடும். ஆயின் பண்பாடு என்பது நூல்களுள் மாத்திரம் அடங்கியதன்று. மனிதர் கையாளும் கருவிகளும், அவற்றை ஆக்கும் முறைகளும், அவை ஏற்கப்பட்டும் விலக்கப்பட்டும் வந்த வரலாறும் பண்பாட்டின் பகுதிகளே. தொழினுட்பத்தின் விமர்சன வரலாறு இன்னும் எழுதப்படவில்லை என்று ‘மூலதனம்’ முதலாம் பாகத்தின் அடிக்குறிப்பொன்றிற் கார்ல் மார்க்ஸ் சுட்டிச் செல்கிறார். அவ்வரலாற்றின் மிகச் சிறிய பகுதியொன்றே இங்கு எமது கவனத்துக்குரியது. சாய்ந்தமர்ந்து ஓட்டும் சைக்கிளுக்குச் சங்கிலிவழி வலு கடத்தும் சிற்றெஞ்சின் ஒன்றைப் பூட்டுவது எவ்வாறு, அதில் எழும் சிக்கல்கள் யாவை, அவற்றுட் சில ஏன் பொறியியலுக்கு அப்பாலும் செல்கின்றன என்பவற்றை விளக்குவதே எமது நோக்கமாகும்.

சைக்கிள் என்றதும் எம் மனக்கண்முன் தோன்றும் உருவம், 1885 இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராலி ஆக்கிய ‘றோவர்’ வண்டியின் வழிவந்ததாகும். அதற்கு முந்திய உயர்சில்லு வண்டிகளிற் பெடல் முன்சில்லின் அச்சுடனேயே பொருத்தப்பட்டிருந்தது. பெடல் ஒருமுறை சுற்றினாற் சில்லும் ஒருமுறையே சுற்றும். ஆகவே வேகம் வேண்டின் சில்லைப் பெரிதாக்குவதன்றி வேறு வழியில்லை. ஓட்டுபவர் ஆளுயரச் சில்லின்மேல் ஏறியமர வேண்டியதாயிற்று. 1880 இல் மான்செஸ்ரரில் ஹான்ஸ் றெனோல்ட் காப்புரிமை பெற்ற உருளைச் சங்கிலி போன்ற ஆக்கங்கள் இந்நிலையை மாற்ற உதவின. சங்கிலி வந்ததும் பெடலும் சில்லும் பிரிந்தன. சில்லின் பருமனும் வண்டியின் வேகமும் ஒன்றையொன்று கட்டிப்போட்ட நிலை நீங்கியது.

இவ்விடத்து ஒரு வினா எழுகின்றது. பெடலைச் சில்லிலிருந்து எவ்வளவு தூரத்திலும் அமைக்கலாமென்றால், ஓட்டுபவர் பெடலுக்கு மேலே நிமிர்ந்தோ குனிந்தோதான் அமரவேண்டும் என்ற நியதி யாது? பெடலை முன்னே தள்ளி, நாற்காலி போன்றதோர் இருக்கையை இரு சில்லுகளுக்கிடையே தாழ அமைத்தால், முதுகு சாய்வில் ஊன்றக் கால்கள் முன்னோக்கி உதைக்கலாம். உடல் காற்றுக்குக் காட்டும் பரப்புக் குறையும். சமதரையில் ஓரளவு வேகத்துக்குமேற் சைக்கிளோட்டியின் வலுவிற் பெரும்பகுதியை விழுங்குவது காற்றுத் தடையே. அத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும், அதனை வெல்ல வேண்டிய வலு வேகத்தின் கனத்துக்கு ஏற்பவும் பெருகுகின்றன. சாய்விருக்கை வண்டியின் சிறப்பு இதிலேயே தங்கியுள்ளது.

பாரிசை அடுத்த பூட்டோ என்னுமிடத்தில் வாழ்ந்த சார்ல் மொஷே இதனைச் செயலிற் காட்டினார். அவர் முதலிற் செய்தது நான்கு சில்லுகள் கொண்ட பெடல் ஊர்தி, ‘வெலோகார்’ எனப்பட்டது. பின்னர் அதன் அமைப்பையொட்டி இருசில்லுச் சாய்விருக்கை வண்டியொன்றை ஆக்கினார். 1933 யூலை 7 ஆந் திகதி பாரிஸ் ஓட்டத்திடலொன்றில் பிரான்சிஸ் போர் அவ்வண்டியில் ஒரு மணித்தியாலத்தில் 45.055 கிலோமீற்றர் ஓடினார். ஒஸ்கார் எக் என்னும் பெயர்பெற்ற வீரர் 1914 இல் நிலைநாட்டிய 44.247 கிலோமீற்றர் என்னுஞ் சாதனை இதனால் விஞ்சப்பட்டது. போர் முதல்வரிசை வீரராகக் கணிக்கப்பட்டவரல்லர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1900 இல் அமைக்கப்பட்ட அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கம் இதனை எவ்வாறு எதிர்கொண்டது? 1934 இல் அது பந்தயச் சைக்கிளுக்கு ஒரு வரைவிலக்கணம் வகுத்தது. இருக்கைக்கும் பெடல் அச்சுக்குமிடையே இருக்கக்கூடிய தொடர்பு அளவுகளால் வரையறுக்கப்பட்டது. சாய்விருக்கை வண்டி அவ்வளவுகளுக்குள் அடங்காது. ஆகவே அது சைக்கிளன்று என்றாயிற்று. மொஷே அதே ஆண்டிற் காலமானார்.

இத்தடை பந்தயங்களுக்கே உரியதாயினும் அதன் விளைவு பந்தயத்திடலோடு நிற்கவில்லை. பந்தயம் சைக்கிள் வணிகத்தின் விளம்பரக் களமாகும். அங்கு இடம்பெறாத வடிவம் தொழிற்சாலையிலும் கடையிலும் இடம்பெறுதல் அரிது. நிமிர்ந்த வண்டியை ஆக்கும் அச்சுக்களும் உதிரிப்பாகங்களும் தொழிலாளர் பயிற்சியும் முன்னரே முதலீடாகக் குவிந்திருந்தன. நாம் ‘இயல்பான’ சைக்கிள் எனக் கொள்ளும் உருவத்தின் பின்னணியில் இத்தகைய நலன்களும் முடிவுகளும் உள்ளன. எனினும், நிமிர்ந்த வண்டி வெறும் சூழ்ச்சியால் நிலைத்ததெனக் கூறுவது பொருந்தாது. அது மலிவானது, நெரிசலிற் கையாள எளிது, ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்க இடந்தருவது. ஒரு வடிவத்தின் வெற்றியை அதன் பயன்மதிப்பால் மாத்திரமோ, நிறுவன அதிகாரத்தால் மாத்திரமோ விளக்க முற்படுவது குறைபாடுடையது.

மொஷேயின் மகன் ஜோர்ஜ் மொஷே தந்தையின் தொழிலைத் தொடர்ந்தார். இரண்டாம் உலகப்போரின்போது ஜேர்மனியின் ஆதிக்கத்திலிருந்த பிரான்சிற் பெற்றோல் அருகியபோது பெடல் வெலோகார்கள் பயன்பட்டன. போருக்குப் பின் அவற்றில் எஞ்சின் இடம்பெற்றது. 1950களின் முற்பகுதியில் 125 கன சென்ரிமீற்றர் எஞ்சின் கொண்ட சிறு கார்களாக அவை மாறின. பெடல் மறைந்தது. மனித வலுவும் எஞ்சின் வலுவும் ஒரே வண்டியிற் கூடி வாழ்வது எளிதன்று என்பதற்கு இது சான்று. அவ்விரண்டையும் ஒருங்கே வைத்திருக்க விரும்புவோர் தீர்க்கவேண்டிய சிக்கல் யாது என்பதை இனி நோக்குவோம்.

பொறித்தொகுதி ஒன்றை இயக்கும் பகுதி, கடத்தும் பகுதி, தொழிற்படும் பகுதி என மூன்றாக மார்க்ஸ் பிரித்து நோக்கினார். தொழிற்சாலைப் பொறிகளை மனங்கொண்டே அவர் இப்பகுப்பைச் செய்தாரெனினும், எமது வண்டியையும் இதன்வழி விளங்கிக்கொள்ளலாம். இயக்குவன இரண்டு: காலும் எஞ்சினும். தொழிற்படுவது பின்சில்லு. இவற்றுக்கிடையேயுள்ள கடத்தலிலேயே முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது.

பயிற்சியற்ற ஒருவர் நெடுநேரம் தரக்கூடிய வலு ஏறத்தாழ 75 முதல் 100 வாட். ஒரு குதிரைவலு 746 வாட். எனவே ஒரு குதிரைவலு எஞ்சின்கூட ஏழு முதல் பத்துப் பேரின் கால்களுக்கு நிகராகும். சுழற்சி வேகத்தில் வேறுபாடு இன்னும் பெரிது. கால் நிமிடத்துக்கு 60 முதல் 90 சுற்றுச் சுற்றும். சிறிய ஈரடிப்பு எஞ்சின் 4500 சுற்றுச் சுற்றும். இவ்வேகத்தைக் குறைத்துத் திருப்புவிசையைக் கூட்டியே சில்லுக்கு அளித்தல் வேண்டும்.

சீனாவில் ஆக்கப்பட்டு உலகெங்கும் விற்கப்படும் சைக்கிள் எஞ்சின்களை உதாரணமாகக் கொள்வோம். பரவலாகக் காணப்படும் வகையில், எஞ்சினுக்குள்ளேயே 20 பல்லும் 82 பல்லும் கொண்ட பற்சில்லுகள் உள்ளன, இது 4.1 மடங்கு குறைப்பு. வெளியே 10 பற்களுடைய சிறு பற்சில்லு, சங்கிலிவழியாகப் பின்சில்லிலுள்ள 44 பற்சில்லை இயக்கும்; இது 4.4 மடங்கு. இரண்டையும் பெருக்க 18 வரும். 4500 ஐ 18 ஆற் பிரித்தாற் பின்சில்லு நிமிடத்துக்கு 250 சுற்று. 26 அங்குலச் சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 2.07 மீற்றராதலின் வேகம் மணிக்கு 31 கிலோமீற்றர். ஆனாற் சாய்விருக்கை வண்டிகள் பலவற்றிற் சில்லு 20 அங்குலமே. சுற்றளவு ஏறத்தாழ 1.5 மீற்றர். அதே பற்சில்லுகளுடன் வேகம் 22 கிலோமீற்றராகக் குறையும். முந்திய வேகம் வேண்டின் 44 பல்லுக்குப் பதிலாக 32 பல் பூட்டவேண்டும். மேட்டுப்பாங்கான நிலத்தில் 44 ஐ அவ்வாறே விடுவது நன்று. உயர்தரக் கணிதமின்றி எவரும் செய்யக்கூடிய கணக்கு இது.

கடத்தலுக்குச் சங்கிலியைத் தெரிவதற்குக் காரணமுண்டு. 1946 முதல் பிரான்சில் விற்பனையான ‘வெலோசொலெக்ஸ்’ வண்டியில் உருளையொன்று முன்சில்லின் ரயரை உரசி இயக்கிற்று. அமைப்பு எளிது, ஆனால் மழையில் உருளை வழுக்கும், ரயர் தேயும். சுத்தமாகவும் நேராகவும் பூட்டப்பட்ட சங்கிலியோ தான் பெற்ற வலுவில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் கடத்தவல்லது.

அடுத்து முக்கியமான சிக்கலுக்கு வருவோம். எஞ்சினைப் பெடலின் சங்கிலியோடேயே நேராக இணைத்தால் நிகழ்வது என்ன? எஞ்சின் சுழலும்போது பெடலும் சுழலும். ஓட்டுபவரின் கால்கள் எஞ்சினின் வேகத்துக்கு ஆடவேண்டியதாகும். காலை எடுத்தாற் பெடல் தாக்கும். சாய்விருக்கையிற் கால்கள் முன்னோக்கி நீட்டப்பட்டிருப்பதால், பெடலிலிருந்து வழுவிய பாதம் நிலத்திற் பட்டு வண்டிக்கடியில் இழுபடும் ஆபத்தும் உண்டு. கைத்தொழிலில் மனிதன் கருவியைப் பயன்படுத்துகிறான், தொழிற்சாலையிற் பொறி மனிதனைப் பயன்படுத்துகிறது என மார்க்ஸ் காட்டிய வேறுபாடு இங்கு உடலாற் படித்தறியக்கூடிய பாடமாகிறது.

இதற்குப் பரிகாரம் இரண்டு. முதலாவது, பெடலின் சங்கிலியை வலப்புறத்திற் பிறீவீலுடன் வழமைபோல விட்டு, எஞ்சினுக்கு இடப்புறத்தில் வேறு சங்கிலி அமைப்பது. எஞ்சின் சில்லைச் சுழற்றும்போது வலப்புறப் பிறீவீல் வழுகிக் கொடுக்கும், கால் ஓய்ந்திருக்கும். காலால் மட்டும் ஓட்டும்போது கிளச்சை விலக்கி வைத்தால் எஞ்சின் ஓய்ந்திருக்கும். இரண்டாவது, இடையச்சு ஒன்றை நிறுவி, காலிலிருந்து வரும் சங்கிலிக்கும் எஞ்சினிலிருந்து வரும் சங்கிலிக்கும் தனித்தனிப் பிறீவீல் வைப்பது. இதனாற் சைக்கிளின் கியர்களை எஞ்சினும் பயன்படுத்தலாம். ஆயின் வேலை நுட்பமானது, செலவும் கூடியது. முதன்முறை செய்வோருக்கு முதலாவது முறையே தகும்.

அமைக்கும்போது கருத வேண்டியவை சில. நிமிர்ந்த சைக்கிளில் எஞ்சின் அமரும் முக்கோணச் சட்டகம் சாய்விருக்கை வண்டியில் இல்லை. ஆகவே இருக்கைக்குப் பின்னே, பின்சில்லுக்கு முன்னே, முக்கோணமாகக் குழாய்களை ஒட்டித் தனித்தாங்கி அமைக்க வேண்டும். ஒற்றைக் குழாயிற் பூட்டிய எஞ்சின் அதிர்வால் அக்குழாயை வெடிக்கச் செய்யும். எஞ்சினின் சங்கிலி இங்கு குறுகியதாக அமைவது நன்மையே. மாறாகக் காலின் சங்கிலி சாதாரணச் சங்கிலியின் இருமடங்குக்கும் மேலாக நீள்வதால், பல துண்டுகளை இணைத்து, வழிநடத்தும் உருளைகளின்மேல் ஓடவிட வேண்டும். இரு பற்சில்லுகளும் ஒரே தளத்தில் நிற்றல் இன்றியமையாதது; சற்றே விலகினாலும் சங்கிலி கழன்று சில்லுக்குட் சிக்கும். சங்கிலியின் நடுப்பகுதி ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் மேலுங்கீழும் அசையுமளவு தளர்வு போதும். பின்சில்லின் பற்சில்லை றப்பர் வட்டுக்களிடையே கம்பிகளோடு இறுக்கும் முறை மலிவானதெனினும் கம்பிகளை முறிக்கவல்லது; ஹப்பில் நேரே இறுக்குவதே உறுதியானது.

பிறேக் பற்றியும் கூறுதல் வேண்டும். வேகம் 15 இலிருந்து 30 கிலோமீற்றராகும்போது நிறுத்த வேண்டிய இயக்கச்சக்தி நான்கு மடங்காகின்றது. பழைய றிம் பிறேக்கை மட்டும் நம்பி எஞ்சின் பூட்டுவது உயிரைப் பணயம் வைப்பதாகும். சங்கிலிக்கு மூடியும், சூடான புகைக்குழாய்க்கு மறைப்பும் வேண்டும். வேட்டி, சாரம், சேலை அணிவோர் வாழும் நாடுகளில் இது மேலும் அவசியம். பெற்றோல் தாங்கி புகைக்குழாய்க்கு மேலே இருத்தலாகாது. ஓட்டுபவர் தாழ அமர்ந்திருப்பதால் பாரவூர்திச் சாரதியின் கண்ணுக்குத் தென்படும் உயரத்திற் கொடியொன்று நாட்டவேண்டும். எஞ்சின் பூட்டியதும் பல நாட்டுச் சட்டங்கள் வண்டியை மோட்டார் வாகனமாகவே கொள்ளும் என்பதையும் மறத்தலாகாது.

இவ்வளவும் நோக்குமிடத்து, இத்தகைய வண்டியை ஆக்கத் தேவையான அறிவு எங்கே உள்ளது என்ற வினா எஞ்சுகிறது. அது சைக்கிள் திருத்தும் கடைகளிலும் ஒட்டுப் பட்டறைகளிலும் ஏற்கெனவே உள்ளது. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோலால் எஞ்சினை முடுக்கி மண்ணெண்ணெயில் ஓட்டியதையும், சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதையும் அங்கு வாழ்ந்தோர் அறிவர். 2022 இல் நாடு முழுவதும் எரிபொருள் இன்றித் தவித்தபோதும் மக்கள் சைக்கிளையே நாடினர். பற்றாக்குறை புத்தாக்கத்தைத் தோற்றுவித்தது எனப் பலர் இவற்றைப் புகழ்வர். எமது கருத்தில் அப்புகழ்ச்சி துன்பத்தை மறைப்பதாகும். அறிவு முன்னரே அத்தொழிலாளரிடம் இருந்தது. பற்றாக்குறை அதனை வெளிப்படுத்தியது. தடை நீங்கியதும் அவ்வறிவைத் திரட்டி எழுதிவைக்க எவரும் பெரிதும் முன்வரவில்லை என்பதே கவலைக்குரியது.

பெட்டியில் அடைத்து விற்கப்படும் எஞ்சின் தொகுதி பண்டமாக வருகிறது. பல் எண்ணத் தெரியாது வாங்குபவர் அதன் பாவனையாளராக மட்டுமே நிற்பார். 4.1 ஐயும் 4.4 ஐயும் பெருக்கிப் பார்ப்பவர் அதைத் தம் சில்லுக்கும் தம் தெருவுக்கும் ஏற்ப மாற்றுவார். காலுக்கும் எஞ்சினுக்கும் இடையில் எதனை எப்போது விலக்குவது என்பதை ஓட்டுபவரே தீர்மானிக்கக்கூடியதாகப் பொறியை அமைத்தல் இயலும் என்பதை மேலே கண்டோம். பொறியினின்றும் தம்மை விடுவித்துக்கொள்ளும் உரிமை உழைப்போர் கையில் இருத்தல் வேண்டும் என்ற கோரிக்கை தொழிற்சாலைக்கும் பொருந்துவதே. தொழினுட்பத்தின் விமர்சன வரலாற்றை எம் மொழியில் எழுத முற்படுவோர் சைக்கிள் திருத்துவோரின் பட்டறையிலிருந்து அதனைத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.