கறுப்பு நாரை

வாலாஜாபாத் பக்கம் பெண் பார்க்க ஆள் வரும் நாளில், நடக்க முடியாத அண்ணனைப் பின்கட்டு அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கூடத்தில் முகூர்த்தப் பட்டு பற்றிய பேச்சு நடக்கும். “உங்க குடும்பத்துல யாருக்காவது குறை கிறை ஏதாச்சும் உண்டா?” என்ற கேள்வி வந்துவிடக் கூடாதே என்ற பயம்.

அதே கேள்வியைக் கேட்டு அமெரிக்காவில் ஓர் ஊமைப்படம் ஓடியது. அதன் பின்னணி ஒரு நிஜச் சம்பவம். 1915 நவம்பரில் சிகாகோவில் பாலிங்கர் தம்பதிக்கு உடற்குறைகளோடு ஆண் குழந்தை பிறந்தது. அறுவை சிகிச்சை செய்ய மறுத்த மருத்துவர் ஹாரி ஹைசல்டன், தன் மறுப்பைப் பத்திரிகைகளில் பெருமையாகவே அறிவித்தார். ஐந்து நாளில் குழந்தை இறந்தது. கண்ணும் காதும் இழந்த ஹெலன் கெல்லரே அவரை ஆதரித்து எழுதினார் என்பதை இன்றும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

1917-இல் அந்த ஊமைப்படம் ‘தி பிளாக் ஸ்டார்க்’ (கறுப்பு நாரை) என்ற பெயரில் வெளிவந்தது. மருத்துவராக ஹைசல்டனே நடித்தார். குழந்தையை நாரை கொண்டுவந்து தருவதாக மேலை நாட்டுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்கள். குறையோடு பிறந்தால் அது கறுப்பு நாரையின் வேலையாம்.

படத்தில் தாய்க்கு ஒரு கனவு. பிள்ளை வளர்கிறான், அவமானப்படுகிறான், குற்றவாளியாகிறான். விழித்தவள் சிசு சாகட்டும் என்று சம்மதிக்கிறாள். அந்தக் கனவுதான் படத்தின் மொத்த வாதமும். நடக்காத வாழ்க்கையைக் கண்முன் நடத்திக் காட்டி, தொட்டில் குழந்தையின் தலையில் ஓர் ஆயுளின் குற்றத்தை ஏற்றிவிட்டது கேமரா. 1927-இல் ‘ஆர் யூ ஃபிட் டு மேரி?’ என்ற பெயரில் படம் மறுபடி வந்தது. கட்டாயக் கருத்தடை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே ஆண்டில்தான்.

அடுத்த ஆண்டு, கர்ப்பத்தடையைப் பரப்ப சென்னையில் நியோ மால்தூசியன் லீக் தொடங்கியது. உயர் நீதிமன்ற நீதிபதி வேப்பா ராமேசம் அதன் முன்னோடிகளில் ஒருவர். மக்கள்தொகை பெருகுகிறதே என்பது அவர்கள் கவலை. பெரியாரும் ‘குடி அரசு’ இதழில் கர்ப்பத்தடையை ஆதரித்தார். ஆனால் நாட்டின் வறுமை, பிள்ளைகளின் பலம் என்று மற்றவர்கள் சொன்ன காரணங்களைத் தள்ளிவைத்து, பெண்ணின் விடுதலைக்காக அது வேண்டும் என்றார். பிள்ளை பெறுவதும் பெறாததும் அவள் முடிவு. இந்த வேறுபாட்டை நாம் போதுமான அளவு பேசவில்லை என்றே நினைக்கிறேன்.

பின்கட்டில் இருக்கும் அண்ணனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மாப்பிள்ளை எப்படி என்று தங்கையிடம் சொல்ல அவருக்கும் ஆசை இருக்கும்.