சைக்கிள் பாதை யாருக்கு, அபராதம் யாருக்கு?

2011இல் நியூயார்க்கில் கேசி நைஸ்டாட் என்ற குறும்பட இயக்குநருக்கு 50 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சைக்கிள் பாதை இருக்கும்போது அதை விட்டு வெளியே சைக்கிள் ஓட்டினார் என்பது போலீசாரின் குற்றச்சாட்டு. அவர் அதற்கு ஒரு காணொளியால் பதில் சொன்னார். கோட்டைத் தாண்டாமல் சைக்கிள் பாதையிலேயே ஓட்டிப்போய், அங்கே நிற்கும் வண்டிகள், கிடக்கும் தடுப்புகள் என ஒவ்வொன்றின் மீதும் மோதி விழுந்தார். கடைசியில் அவர் மோதியது பாதையை அடைத்து நின்ற ஒரு போலீஸ் கார் மீது. அந்தக் காணொளி உலகம் முழுவதும் பரவியது.

நியூயார்க்கின் விதிகளைப் படித்தால் தவறு எங்கே என்று தெரியும். சைக்கிள் பாதை இருந்தால் அதில்தான் ஓட்ட வேண்டும். ஆனால் திரும்புவதற்கும் ஆபத்தைத் தவிர்ப்பதற்கும் வெளியே வரலாம். சைக்கிள் பாதையில் வண்டியை நிறுத்துவதும் குற்றம். அதற்கு 115 டாலர் அபராதம். விதி இரு தரப்புக்கும் உண்டு. அது யார் மீது பாய்கிறது என்பதில்தான் சிக்கல்.

சைக்கிளோட்டியை ஒரு நாடு எப்படி நடத்துகிறது என்று அறிய மூன்று கேள்விகள் போதும். அவர் பாதையில்தான் போக வேண்டுமா? பாதையை அடைக்கும் கார்க்காரருக்கு என்ன தண்டனை? இருவரும் மோதிக்கொண்டால் செலவு யாருடையது?

கட்டாயமா, விருப்பமா?

ஜெர்மனியில் நீல வட்டப் பலகையில் வெள்ளை சைக்கிள் படம் இருந்தால், அந்தப் பாதையில் போவது கட்டாயம். பலகை இல்லாவிட்டால் சாலையிலேயே ஓட்டலாம். அந்தப் பலகையை நினைத்த இடத்தில் நட்டுவிட முடியாது. ரேகன்ஸ்பர்க் நகரிலிருந்து வந்த வழக்கில் 2010இல் லைப்சிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வழக்கத்தைவிட மிகுதியான ஆபத்து அந்த இடத்தில் இருந்தால் மட்டுமே சைக்கிளோட்டியைச் சாலையிலிருந்து விலக்கலாம் என்றது தீர்ப்பு. கார்கள் வேகமாகப் போகட்டும் என்பதற்காகச் சைக்கிளை ஓரங்கட்டும் பழக்கத்துக்கு அது பெரிய தடையானது.

பிரிட்டனில் சைக்கிள் பாதையைப் பயன்படுத்துவது சைக்கிளோட்டியின் விருப்பம். நெதர்லாந்திலோ வட்டப் பலகை உள்ள பாதையில் போவது கட்டாயம். அங்கே இந்தக் கட்டாயத்தைப் பெரிய சுமையாக யாரும் நினைப்பதில்லை, ஏனென்றால் பாதை சாலையைவிட நன்றாக இருக்கிறது. அகலமான, சமதளமான, தனித்த பாதைகள் அந்த நாட்டில் பல்லாயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகின்றன. மக்கள்தொகையைவிடச் சைக்கிள்களின் எண்ணிக்கை அதிகம். உத்ரெக்ட் ரயில் நிலையத்தில் மட்டும் 12,500 சைக்கிள்களை நிறுத்தும் இடம் இருக்கிறது.

பாதையை அடைத்தால்

பிரான்சில் சைக்கிள் பாதையில் காரை நிறுத்தினால் 135 யூரோ அபராதம். ஜெர்மனி 2021இல் திருத்திய பட்டியலில் இது 55 யூரோவில் தொடங்குகிறது. யாருக்காவது ஆபத்து விளைந்தால் 80 யூரோவும் ஓட்டுநர் பதிவேட்டில் ஒரு புள்ளியும். 2020 முதல் அங்கே ஊருக்குள் சைக்கிளைத் தாண்டிச் செல்லும் கார் ஒன்றரை மீட்டர் இடைவெளியும், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் இடைவெளியும் விட வேண்டும். லண்டன் 2022இல் கேமரா வழியாகவே சைக்கிள் பாதைகளைக் கண்காணிக்கத் தொடங்கியது. உள்ளே நுழைந்த காரின் உரிமையாளருக்கு 160 பவுண்டு அபராத நோட்டீஸ் வீடு தேடிப் போனது.

ஆனால் நல்ல பாதைக்குக் காவலாள் அதிகம் தேவைப்படாது. கோபன்ஹேகனில் சைக்கிள் பாதை சாலையைவிடச் சற்று உயர்ந்தும் நடைபாதையைவிடச் சற்றுத் தாழ்ந்தும் இருக்கும். இடையில் கல் விளிம்பு. அந்த விளிம்பே பெரும்பாலான கார்களைத் தள்ளி வைத்துவிடுகிறது. நோரேப்ரோகாட என்ற சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள்களுக்கு அடுத்தடுத்த சிக்னல்கள் பச்சையாகவே கிடைக்குமாறு நேரத்தை அமைத்திருக்கிறார்கள். நியூயார்க்கும் 2007இல் ஒன்பதாவது அவென்யூவில் கார் நிறுத்துமிடத்தை நடுவில் வைத்து, நடைபாதையை ஒட்டிச் சைக்கிள் பாதையைப் போட்டது. நிற்கும் கார்களின் வரிசையே அங்கே அரண். பெயின்ட் கோடு மட்டும் போட்டுவிட்டுச் சைக்கிளோட்டியிடம் ஒழுங்கை எதிர்பார்க்கும் நகரங்களுக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு பெரியது.

மோதினால் பொறுப்பு யாருக்கு?

நெதர்லாந்து பிறவியிலேயே சைக்கிள் நாடாக இருக்கவில்லை. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கேயும் கார்களுக்காகத் தெருக்கள் அகலப்படுத்தப்பட்டன. 1971இல் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மகளை விபத்தில் இழந்த ஒரு பத்திரிகையாளரின் கட்டுரையிலிருந்து ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற இயக்கம் எழுந்தது. பெற்றோர் தெருவை மறித்துப் போராடினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அரசு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதித்தது. கார் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்பதை மக்கள் அன்று கண்ணால் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வந்தவையே இன்றைய பாதைகள்.

இழப்பீட்டுச் சட்டமும் அதே மனநிலையைக் காட்டுகிறது. நெதர்லாந்தின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 185ஆவது பிரிவின்படி, மோட்டார் வாகனம் சைக்கிளோட்டி மீதோ நடந்து செல்பவர் மீதோ மோதினால், அடிபட்டவரின் இழப்புக்கு வாகன உரிமையாளர் தரப்பே பொறுப்பு. அடிபட்டவர் 14 வயதுக்கு உட்பட்டவர் என்றால், ஏறக்குறைய எல்லா நிலையிலும் முழு இழப்பீடு. 14 வயதுக்கு மேற்பட்டவர் தானே தவறு செய்திருந்தாலும் பொதுவாகக் குறைந்தது பாதி கிடைக்கும். விபத்து எந்த வகையிலும் தவிர்க்க முடியாதது என்று நிரூபித்தால் மட்டுமே, பெரியவர்கள் விஷயத்தில் ஓட்டுநர் தப்பலாம்.

இது இழப்பீடு தொடர்பான விதி. கார்க்காரரைக் குற்றவாளி என்று முன்கூட்டியே அறிவிப்பதில்லை. ஒரு டன் எடையுள்ள இரும்பைத் தெருவில் ஓட்டுபவர் அதன் ஆபத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும் என்கிறது, அவ்வளவே. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பும் 2022 ஜனவரியில் இதே திசையில் நகர்ந்தது. அதிகத் தீங்கு விளைவிக்கக்கூடியவருக்கே அதிகப் பொறுப்பு என்ற படிவரிசையை அது முன்வைத்தது.

சைக்கிளோட்டிக்கும் விதி உண்டு

சைக்கிளை மதிக்கும் நாடுகள் சைக்கிளோட்டியின் தவறுகளைக் கண்டுகொள்ளாமல் விடுவதில்லை. ஓட்டும்போது கையில் செல்போன் வைத்திருப்பதை நெதர்லாந்து 2019 ஜூலையில் தடை செய்தது. அபராதம் 95 யூரோ என்று தொடங்கியது. ஜெர்மனியில் சிவப்பு விளக்கைத் தாண்டினால் 60 யூரோவும் ஒரு புள்ளியும். சிவப்பு விழுந்து ஒரு விநாடிக்கு மேல் ஆகியிருந்தால் 100 யூரோவும் ஒரு புள்ளியும்.

ஜப்பானில் மாற்றம் இன்னும் கடுமையானது. அங்கே பல பத்தாண்டுகளாக மக்கள் நடைபாதையில் சைக்கிள் ஓட்டிப் பழகியிருக்கிறார்கள். செல்போன் பார்த்தபடி ஓட்டினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் யென் வரை அபராதம் என்னும் சட்டத் திருத்தம் 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த இடத்திலேயே அபராதச் சீட்டு தரும் முறைக்கு 2026 ஏப்ரல் 1 என்று நாள் குறிக்கப்பட்டது. செல்போனுக்கு 12,000 யென், சிவப்பு விளக்கைத் தாண்டினால் 6,000 யென். நடைபாதையில் ஓட்டுவதும் பட்டியலில் உண்டு. 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 70 வயதைக் கடந்தவர்களுக்கும் அங்கே ஓட்ட அனுமதி உண்டு. பெரியவர்கள் சாலைக்கு இறங்கினால் அவர்களுக்கு அங்கே இடம் இருக்கிறதா என்ற கேள்வியும் உடன் வருகிறது. ஜப்பானின் பல சாலைகளில் தனிப் பாதை கிடையாது.

சிங்கப்பூரில் 2022 முதல் சாலையில் குழுவாகச் செல்பவர்கள் ஒற்றை வரிசையில் ஐந்து பேருக்கு மேலும், இருவர் இருவராக வந்தால் பத்துப் பேருக்கு மேலும் இருக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2016இல் ஹெல்மெட் அணியாத சைக்கிளோட்டிக்கான அபராதத்தை 71 டாலரிலிருந்து 319 டாலராக ஒரே தாவலில் உயர்த்தியது. ஹெல்மெட் நல்லதுதான். ஆனால் விதி யார் மீது பாய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுன்டி, 2022இல் தன் ஹெல்மெட் கட்டாயத்தையே நீக்கியது. வீடற்றவர்களும் கறுப்பின மக்களும் அளவுக்கு மீறி அபராதம் பெற்றார்கள் என்பதே காரணம்.

விதியைச் சைக்கிளுக்கு ஏற்ப மாற்றிய இடங்களும் உண்டு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 1982லேயே ‘நில்’ பலகை முன் வேகம் குறைத்து, யாரும் வராவிட்டால் நிற்காமலே போக சைக்கிளோட்டியை அனுமதித்தது. நின்ற சைக்கிளை மீண்டும் மிதித்துக் கிளப்ப உடல் வலு வேண்டும். சந்திப்பில் அதிக நேரம் தங்குவதும் ஆபத்து. டெலவேர் மாநிலம் 2017இல் இதைப் பின்பற்றியது. அடுத்த 30 மாதங்களில், முந்தைய 30 மாதங்களோடு ஒப்பிட்டால், ‘நில்’ பலகை உள்ள சந்திப்புகளில் சைக்கிள் விபத்துகள் 23 சதவீதம் குறைந்தன. பாரிசிலும் பல சிக்னல்களில் சிறிய முக்கோணப் பலகை இருக்கிறது. அதில் காட்டிய திசையில், நடப்பவர்களுக்கு வழிவிட்டு, சிவப்பிலும் சைக்கிள் போகலாம்.

நம் சாலைகளில்

இந்தியாவில் இதற்கு நேர் எதிரான உதாரணம் கொல்கத்தா. வாகனங்கள் தடையின்றி ஓட வேண்டும் என்று அங்கே 2013இல் 174 சாலைகளில் சைக்கிள் தடை செய்யப்பட்டது. பால்காரர், செய்தித்தாள் போடுபவர், கூலித் தொழிலாளி என எளியவர்களே அபராதம் கட்டினார்கள்.

சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றது. நாட்டில் அப்படி ஒரு கொள்கையை ஏற்ற முதல் மாநகராட்சி அதுவே. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. சைக்கிள் போன்ற வண்டிகளுக்கும் நடப்பவர்களுக்கும் விதி வகுக்கும் அதிகாரத்தை 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் மாநில அரசுகளுக்குத் தந்திருக்கிறது. ஆக, கொள்கையும் இருக்கிறது, அதிகாரமும் இருக்கிறது.

பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கும் மாநிலம் தமிழ்நாடு. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் சாலையில் லாரியோடும் பேருந்தோடும் உரசிக்கொண்டுதான் மிதிக்கிறார்கள். கல் விளிம்போடு தனிப் பாதை, பள்ளி அருகே வேகக் கட்டுப்பாடு, பாதையில் நிற்கும் வண்டிக்கு உடனடி அபராதம் ஆகிய மூன்றும் எந்த நகரத்திலும் செய்யக்கூடியவை. உங்கள் வார்டில் அடுத்த பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது, பள்ளிக்கூடச் சாலையிலிருந்து இதைத் தொடங்கும்படி எழுத்துமூலம் கேளுங்கள்.