எழுபது வளைவுகளுக்கு அப்பால்

மோகனூரில் காவிரிக் கரையில் நின்று வடகிழக்கே நோக்குவோருக்கு, வானம் தெளிந்த நாள்களில், கரும்பு வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் அப்பால் ஒரு நீலக்கோடு புலப்படும். அதுவே கொல்லிமலை. நினைவு தெரிந்த நாள் முதல் அதனைக் கண்டு வளர்ந்த நம் ஊர்க் குடும்பங்களுள், அம்மலைமேல் ஓர் இரவேனும் தங்கியவை எத்தனை? உதகைக்கும் கொடைக்கானலுக்கும் பணம் சேர்த்துச் சென்று வருகிறோம். வீட்டு வாயிலில் நிற்கும் மலையையோ தூரத்தில் வைத்தே பார்த்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

இக்குறையைப் போக்கிக்கொள்ள எண்ணி, சென்ற பொங்கல் விடுமுறையில் நான்கு குடும்பத்தினர் ஒன்று சேர்ந்து மூன்று நாள் பயணமாகப் புறப்பட்டோம். சிறுவர் எழுவர் உட்படப் பதினாறு பேர். மலைமேல் உள்ள செம்மேட்டில் தங்கி, அங்கிருந்து அருவிகளுக்கும் காட்சி முனைகளுக்கும் கால்நடையாகச் சென்று வருவது எங்கள் திட்டம். சென்று வந்த கதையோடு, அங்கே நாங்கள் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வது கடமை எனக் கருதுகிறோம்.

சேந்தமங்கலம் வழியே

மோகனூரிலிருந்து நாமக்கல், நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், அதன்பின் மலையடிவாரமாகிய காரவள்ளி. இதுவே பழகிய வழி. சேந்தமங்கலத்தைக் கடக்கையில் சிறுவர்களுக்கு ஒரு செய்தியை நினைவூட்டினோம். தத்துவ போதகர் என்று நம் முன்னோர் போற்றிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தே நொபிலி, 1623-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து புறப்பட்டு, திருச்சிராப்பள்ளி கடந்து இவ்வூருக்கு வந்தார். இங்கு ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை மதிப்புடன் வரவேற்றார். இங்கிருந்து அவர் சேலத்திற்குச் சென்றார். அன்று பேருந்து ஏது? தார்ச்சாலை ஏது?

காரவள்ளியைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 70. ஒவ்வொன்றிற்கும் எண்ணிட்ட பலகை உண்டு. சிறுவர்கள் உரத்த குரலில் எண்ணத் தொடங்கினர். முப்பதாவது வளைவில் எண்ணும் குரல்கள் குறைந்தன. நாற்பதாவதில் சிலருக்கு வயிறு புரட்டியது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி அமைதியாயினர். எழுபதாவது வளைவைக் கடந்தபோது சன்னல் வழியே குளிர்காற்று வீசிற்று. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறையும் என்பது அறிவியல். கொல்லிமலையின் மேற்பரப்பு 1000 முதல் 1300 மீட்டர் வரை உயரமுடையது. ஆகவே, காலையில் காவிரிக் கரையில் வியர்த்த நாங்கள், மாலையில் செம்மேட்டில் கம்பளி தேடினோம்!

மலைமேல் ஒரு சிற்றூர்

செம்மேடு பெரிய ஊர் அன்று. பேருந்து நிலையம், கடைத்தெரு, அரசு மருத்துவமனை, சில தங்கும் விடுதிகள், குதிரைமேல் வீற்றிருக்கும் வல்வில் ஓரியின் சிலை, இவையே ஊர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஓரி ஆண்ட மலை இது. அவன் நினைவாக ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் இங்கு விழா எடுக்கப்படுகிறது. இம்மலை வாழ் மக்கள் மலையாளிகள் எனப்படுவர். பெயரைக் கண்டு கேரளத்தவரோ என மயங்க வேண்டா. இவர்கள் தமிழ் பேசும் பழங்குடியினர். வாழவந்தி நாடு, சேளூர் நாடு, திண்ணனூர் நாடு என்று தங்கள் மலையைப் பல நாடுகளாகப் பிரித்து வாழ்கின்றனர். மிளகும் காப்பியும் அன்னாசியும் பலாவும் இங்கு விளைகின்றன. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த கொல்லைகள் பலவற்றில் இன்று மரவள்ளி நிற்கிறது. அதன் கிழங்கு சமவெளியின் சவ்வரிசி ஆலைகளுக்கு இறங்குகிறது. அச்சிறுதானியங்களை மீட்க, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கு உழைத்து வந்துள்ளது.

மலைச் சிற்றூர் ஒன்றில் தங்கி, அங்கிருந்து உயரங்களை நாடிச் செல்வது ஐரோப்பாவில் நெடுநாளைய வழக்கம். நம் சேலம் மறைமாவட்டத்தை 1930-இல் நிறுவிய திருத்தந்தை பதினோராம் பயஸ், இளங்குருவாக இருந்த காலத்தில் தேர்ந்த மலையேறி என்பதை நம்முள் பலர் அறியோம். 1889-இல் அவர், மக்குஞாகா என்னும் ஆல்ப்சு மலைச் சிற்றூரிலிருந்து புறப்பட்டு, வழிகாட்டிகள் துணையோடு மோன்டே ரோசா சிகரத்தின் செங்குத்தான கிழக்கு முகத்தில் ஏறினார். உச்சியை அடுத்தபோது இருட்டிவிட்டது. இருளில் அடியெடுத்து வைப்பது தகாது என்று, கடுங்குளிரில் ஒரு பாறைமீது உறங்காமல் இரவைக் கழித்தனர், விடிந்தபின்னரே நகர்ந்தனர். 1923-இல் மென்தோன் நகர்ப் புனித பெர்னார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவரும் அவரே. துணிவும் முன்மதியும் ஒருவரிடத்தே அமைந்திருந்தமைக்கு இது சான்று. முதல்நாள் இரவு, செம்மேட்டு விடுதியில் சிறுவர்களுக்கு இக்கதையைச் சொன்னவர்களும் நாங்களே. மறுநாள் அதனை மறந்தவர்களும் நாங்களே!

படிகளில் வந்த சோதனை

இரண்டாம் நாள் ஆகாய கங்கை அருவிக்குச் செல்வதாகத் திட்டம். ஐயாறு, அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே மலையிலிருந்து ஏறத்தாழ 300 அடி கீழே விழுந்து, புளியஞ்சோலைப் பக்கமாகச் சமவெளியை அடைகிறது. அருவியின் அடிக்குச் செல்ல ஆயிரத்திற்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். காலையிலேயே இறங்கியிருக்க வேண்டியவர்கள், காட்சி முனையில் படம் எடுப்பதிலும் சோளக்காட்டில் பழம் வாங்குவதிலும் பொழுதைப் போக்கி, நண்பகலுக்குப் பின்னரே படிகளை அடைந்தோம். உணவைத் திரும்பி வந்து கொள்ளலாம் என்று வண்டியிலேயே வைத்துவிட்டோம்.

எங்களுள் மூத்தவர், குழந்தைகள் பெரியப்பா என்று அழைக்கும் அறுபத்து மூன்று வயதுப் பெரியவர். நீரிழிவு உள்ளவர். காலையில் மாத்திரையை விழுங்கியவர், அதற்கேற்ற உணவைக் கொள்ளவில்லை. "இறக்கம்தானே, நானும் வருகிறேன்" என்றார். ஒருவரும் தடுக்கவில்லை. இறங்குவது எளிதாகவே இருந்தது. அருவியின் சாரலில் நனைந்து மெய்ம்மறந்து நின்றோம். சமவெளியில் மலைப்பயணம் என்றால் ஏற்றம் முதலில், இறக்கம் பின்னர். இங்கோ இறக்கம் முதலில். வலிமை தீர்ந்த பிறகே ஏற்றம். இதனை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

இருநூறு படிகள் ஏறியிருப்போம். பெரியப்பா நின்றார், உட்கார்ந்தார். உடல் குப்பென்று வியர்த்தது, கைகள் நடுங்கின, பேச்சுக் குழறிற்று. கைப்பேசிகளை எடுத்தோம், ஒன்றிலும் தொடர்பு கிட்டவில்லை. உடனிருந்தவர்களிடம் ஒரு மிட்டாய்கூட இல்லை. அவருடைய மனைவி அழத் தொடங்கினார்.

சற்று மேலே, படியோரத்தில் எலுமிச்சைச் சாறு விற்றுக்கொண்டிருந்த மலைவாழ் மூதாட்டி ஒருவர் இதனைக் கண்டார். ஒரு குவளைச் சாற்றில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொண்டுவந்து, "சர்க்கரை வியாதியா? முழுசும் குடிக்கச் சொல்லுங்க" என்றார். அவர் அதனை மெல்ல விழுங்கினார். சிறிது நேரத்தில் பேச்சுத் தெளிந்தது, கால்களோ எழவில்லை. மூதாட்டி குரல் கொடுக்க, இளைஞர் நால்வர் வந்தனர். ஒரு போர்வையையும் ஒரு கழியையும் கொண்டு நொடியில் தூளி கட்டினர். தோள் மாற்றித் தோள் மாற்றி, எஞ்சிய படிகள் முழுதும் அவரைச் சுமந்து ஏறினர். உச்சியை அடைந்தபோது இருள் சூழ்ந்திருந்தது.

இளைஞர்கள் நாங்கள் அளித்த கூலியைப் பெற்றுக்கொண்டனர். மூதாட்டியோ சாற்றின் விலைக்குமேல் ஒரு காசும் வாங்கவில்லை. "இவ்வளவு விரைவாகத் தூளி கட்டுகிறார்களே, அம்மா!" என்று வியந்தோம். அவர் சொன்னார்: "தூளி எங்களுக்குப் புதுசா, சாமி? எங்க ஊருக்கு அப்போ ரோடு கிடையாது. என் மூத்த மகளைப் பிரசவத்துக்கு இப்படித்தான் தூக்கிட்டுப் போனோம். ஆஸ்பத்திரி போய்ச் சேரலே."

எங்களால் ஒன்றும் பேச இயலவில்லை. அன்றிரவு செம்மேடு அரசு மருத்துவமனையில் பெரியப்பாவைப் பரிசோதித்த மருத்துவர், வேளை தவறி உண்ணலாகாது என்று எச்சரித்து அனுப்பினார். உடல்நலக் கவலை நீங்கிற்று. ஆயினும் மூதாட்டியின் சொற்கள் எங்களை உறங்கவிடவில்லை. நாம் வேடிக்கைக்காக நடக்கும் பாதைகளில்தான் அவர்கள் நோயாளிகளைச் சுமந்து நடந்திருக்கிறார்கள்.

தங்கச் சென்றவர்கள்

மூன்றாம் நாள் வாழவந்திக்குச் சென்றோம். ஜெசி பிராண்டு, ஈவ்லின் பிராண்டு என்னும் ஆங்கிலேயத் தம்பதியரின் கல்லறை அங்குள்ளது. அவர்கள் பாப்டிஸ்டு சபையினர். 1913-இல் மணமுடித்து இம்மலையில் குடியேறினர். அன்று இங்குச் சாலை இல்லை; காய்ச்சல் மிகுதி. ஜெசி பிராண்டு மக்களுக்கு மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார், நரம்புச் சிலந்தி நோய்க்குச் சிகிச்சை செய்து, அது பரவாதபடி நீர்நிலைகளைக் காக்கக் கற்பித்தார். (இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாக 2000-இல் சான்றளிக்கப்பட்டது.) 1929-இல் காய்ச்சலே அவர் உயிரையும் கொண்டது. ஈவ்லின் அம்மையார் ஓய்வு பெற வேண்டிய வயதில் மலைமக்களிடமே திரும்பி வந்தார். 1974-இல், தம் 95-ஆம் வயதில் மறைந்தார். 1914-இல் இம்மலையில் பிறந்த அவர்தம் மகன் பால் பிராண்டு, பின்னாளில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் மீண்டும் இயங்கச் செய்து உலகப் புகழ் பெற்றார்.

அவர்கள் நம் திருச்சபையினர் அல்லர். ஆயினும் அக்கல்லறைமுன் தலைவணங்கி நின்றோம். மலையைக் காண வருவோர் பலர். மலையில் வாழ்வோரைக் காண வந்தவர்கள் சிலரே.

செல்வோருக்குச் சில சொற்கள்

கொல்லிமலைக்குச் செல்ல வேண்டா என்பது எம் கருத்தன்று. கட்டாயம் செல்லுங்கள், குழந்தைகளுடன் செல்லுங்கள். ஒரே நாளில் ஏறி இறங்காமல், இரண்டு இரவுகளேனும் தங்குங்கள். ஆனால் ஆயத்தத்தோடு செல்லுங்கள். வண்டி ஓட்டுபவர் மலைப்பாதையில் பழகியவராக இருத்தல் நலம். ஏறிவரும் வண்டிக்கு வழிவிட வேண்டும்; இறங்கும்போது தாழ்ந்த கியரிலேயே இறங்க வேண்டும். அருவிப் படிகளுக்குக் காலையிலேயே சென்று, வெயில் சாயுமுன் மேலேறிவிடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் வேளைக்கு உண்டு, பையில் சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருக்க வேண்டும். இதய நோயும் முழங்கால் வலியும் உள்ளவர்கள் மேலிருந்தே அருவியைக் கண்டு மகிழலாம், அதில் இழுக்கில்லை. வழுக்குப் பாறைகளில் சிறுவரைத் தனியே விடலாகாது. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 சனவரி முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்டவை. கொண்டுசென்ற குப்பையைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். மிளகும் பழமும் தினையும் மலைமக்களிடமே, பேரம் பேசாமல் வாங்குங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, நீங்கள் செல்வது பிறருடைய வீட்டிற்கு என்பதை நினைவிற் கொள்ளுங்கள். விருந்தினர் வீட்டாரின் பெயரைக் கேட்டறிவது மரபன்றோ? எங்கள் பெரியப்பாவைக் காத்த மூதாட்டியின் பெயரை அந்தப் பரபரப்பில் நாங்கள் கேட்கவே இல்லை. மலையிறங்கி நாமக்கல்லை அடைந்த பிறகே அது நினைவுக்கு வந்தது. வரும் ஆடியில் மீண்டும் செல்ல இருக்கிறோம். இம்முறை பெரியப்பா படியிறங்கப் போவதில்லை. அவர் செய்ய விரும்புவது ஒன்றே: அவ்வம்மையாரைத் தேடிக் கண்டு, பெயர் கேட்டு, நன்றி சொல்வது.