காற்றும் கானாங்கெளுத்தியும்

மீன் கடையில் கானாங்கெளுத்தியைப் பார்த்திருக்கிறீர்களா? முதுகு நீலப் பச்சை, வயிறு வெள்ளி, உடல் முழுவதும் வழவழப்பு. சில ஊர்களில் இதை அயிலை என்பார்கள். புதுச்சேரிச் சந்தையில் கானாங்கெளுத்தி என்று கேட்டால்தான் கிடைக்கும். விலை மலிவு, சத்து மிகுதி. குழம்புக்கும் ஏற்றது, வறுவலுக்கும் ஏற்றது.

இந்த மீன் கரைக்கு வந்து சேர்வதில் காற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. மீனை வரவழைப்பது காற்று. மீனவரை விரட்டுவதும் அதே காற்றுதான். இது எப்படி என்று பார்ப்போமா?

புதுச்சேரி நகரின் கடற்கரைச் சாலையிலிருந்து வடக்கே நடந்தால் முதலில் குருசுகுப்பம், அதை அடுத்து வைத்திக்குப்பம். மாசி மகத்தன்று சுற்று வட்டாரக் கோயில்களின் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து சேரும் இடம் இதுதான். அன்று கடற்கரை மனிதத் தலைகளால் நிறைந்துவிடும். மற்ற நாட்களில் இது ஒரு மீனவக் குப்பம். இங்கே வீட்டை விட்டு இறங்கும் மீனவர் முதலில் பார்ப்பது காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்பதைத்தான்.

காற்றுக்கும் பெயர் உண்டு

வடக்கிலிருந்து வீசினால் வாடை. கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். மேற்கிலிருந்து வந்தால் கோடை. தெற்கிலிருந்து வந்தால் தென்றல். திசைக்கொரு பெயர் வைத்தது வெறும் அழகுக்காக அல்ல. ஒவ்வொரு காற்றும் கடலை ஒவ்வொரு விதமாக மாற்றுகிறது.

மேல்காற்று வீசும் நாளில் கரையோரக் கடல் தட்டையாக, சாதுவாகத் தெரியும். ஏன் தெரியுமா? அலையின் உயரம் மூன்று விஷயங்களைப் பொறுத்தது: காற்றின் வேகம், அது வீசும் நேரம், நீரின் மேல் அது கடந்து வரும் தூரம். நிலத்திலிருந்து வரும் காற்றுக்குக் கரையோரத்தில் கடக்க வேண்டிய நீர்த் தூரம் மிகக் குறைவு. எனவே அலை வளர இடமில்லை. ஆனால் கரையை விட்டுத் தொலைவு செல்லச் செல்ல அலை வளரும். அதோடு, எந்திரம் பழுதான படகை அந்தக் காற்று ஆழ்கடல் பக்கமே தள்ளிக்கொண்டு போகும். கரையில் நின்று பார்ப்பவருக்குச் சாதுவாகத் தெரியும் கடல் எப்போதும் சாதுவானதன்று.

கொண்டல் இதற்கு நேர் எதிர். வங்கக் கடலின் மேல் நெடுந்தூரம் ஓடி வரும் காற்று அது. பெரிய அலைகளைக் கரைக்குக் கொண்டுவந்து உடைக்கும். படகைத் தள்ளவும் முடியாது, ஏற்றவும் முடியாது.

முன்பு கட்டுமரத்தில் போனவர்கள் நிலக்காற்றையும் கடற்காற்றையும் நம்பியே தொழில் செய்தார்கள். இரவில் நிலம் விரைவாகக் குளிரும். கடல் மெதுவாகக் குளிரும். எனவே விடியலுக்கு முன் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். பாய் விரித்தால் மரம் கடலுக்குள் போகும். பகலில் நிலம் சூடேறி, அதன் மேலுள்ள காற்று எழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். அதே பாய் அவர்களை வீட்டுக்குக் கொண்டுவரும். போகவும் வரவும் எண்ணெய்ச் செலவே இல்லை!

காற்று எப்படி மீனை அழைக்கிறது?

கானாங்கெளுத்தி கூட்டமாக வாழும் மீன். ஒரு கூட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அத்தனை வாய்களுக்கும் உணவு வேண்டுமே! அதன் உணவு பிளாங்க்டன் என்னும் நுண்ணிய மிதவை உயிரிகள். கடலில் மிதக்கும் நுண்பாசிகளும், அவற்றைத் தின்னும் சிறு உயிர்களும் இதில் அடங்கும்.

நுண்பாசி வளர வெயில் வேண்டும், உரமும் வேண்டும். வெயில் மேலே இருக்கிறது. உரச் சத்துகளோ, செத்த உயிர்களின் எச்சமாகக் கீழே இறங்கிவிடுகின்றன. காற்றில்லாத வெயில் நாட்களில் மேல் நீர் சூடாகி, எடை குறைந்து, கீழ் நீரோடு கலக்காமல் தனி அடுக்காக நின்றுவிடும். மேலே வெயில் இருந்தும் உரமில்லை. கீழே உரம் இருந்தும் வெயில் இல்லை.

இந்த இரண்டையும் சேர்த்து வைப்பது காற்றுதான். ஆற்றிய பாலில் அடியிலுள்ள சர்க்கரை மேலே வருவது போல, பலமான காற்று நீரைக் கலக்கி உரத்தை மேலே கொண்டுவருகிறது.

இன்னொரு வழியும் உண்டு. 1893 முதல் 1896 வரை 'ஃப்ராம்' என்ற கப்பலில் வடதுருவக் கடலில் மிதந்து சென்ற நார்வே நாட்டு ஆய்வாளர் நான்சென் ஒரு வியப்பைக் கண்டார். பனிக்கட்டிகள் காற்று வீசும் திசையிலேயே போகவில்லை. அதற்கு வலப்புறமாக விலகிப் போயின. இதற்குக் கணக்கு மூலம் விளக்கம் தந்தவர் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி எக்மன். அவருடைய கட்டுரை 1905-இல் வெளிவந்தது. பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் காற்று தள்ளும் மேல் நீர் மொத்தத்தில் காற்றின் திசைக்கு வலப்புறம் செங்குத்தாக நகர்கிறது என்று அவர் காட்டினார்.

இப்போது நம் கரையின் படத்தை எடுத்து விரியுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஏறக்குறைய கரையை ஒட்டியே வடக்கு நோக்கி வீசுகிறது. அதற்கு வலப்புறம் எது? வங்கக் கடல்! ஆகவே மேல் நீர் கரையை விட்டு விலகிப் போகிறது. அந்த இடத்தை நிரப்ப, கீழிருந்து குளிர்ந்த, உரமுள்ள நீர் எழும்பி வருகிறது. இதற்கு மேலெழுச்சி என்று பெயர். வடதுருவப் பனிக்கட்டியில் தொடங்கிய கேள்வி, வைத்திக்குப்பம் வலை வரை வந்துவிட்டது பார்த்தீர்களா?

உரம் மேலே வந்ததும் நுண்பாசி பெருகும். சில நாட்களில் அதைத் தின்னும் சிறு உயிர்கள் பெருகும். அவற்றைத் தேடிக் கானாங்கெளுத்தி வரும்.

வாயைத் திறந்து பாருங்கள்

அடுத்த முறை வீட்டில் இந்த மீன் வாங்கினால், சமைக்கும் முன் அதன் வாயை அகலத் திறந்து உள்ளே பாருங்கள். சீப்புப் பற்கள் போல நீண்ட இழைகள் அடுக்கடுக்காகத் தெரியும். இவை செவுள் வளைவிலிருந்து முளைத்தவை. மீன் வாயைத் திறந்தபடி நீந்தும்போது, நீர் செவுள் வழியே வெளியேறிவிடும்; உணவு இந்தச் சீப்பில் தங்கிவிடும். டீ வடிகட்டியில் தூள் தங்குவது போலத்தான்.

இதன் விஞ்ஞானப் பெயர் ராஸ்ட்ரெல்லிகர் கானாகுர்தா. முதற்சொல்லுக்கு லத்தீன் மொழியில் 'சிறு வாரியைத் தாங்கியது' என்று பொருள். இரண்டாவது சொல் நமக்கு அறிமுகமானது போல ஒலிக்கிறது அல்லவா? விசாகப்பட்டினக் கடல் மீன்களைப் படம் வரைந்து 1803-இல் நூலாக வெளியிட்ட பாட்ரிக் ரஸ்ஸல், அவ்வூரார் சொன்ன 'கானாகுர்தா' என்ற பெயரையே எழுதிவைத்தார். அதையே பிரெஞ்சு விஞ்ஞானி குவியே விஞ்ஞானப் பெயராக்கினார். நம் மீனவர் சொல் உலக விஞ்ஞான நூல்களில் ஏறியது இப்படித்தான்.

வால் பக்கமும் பாருங்கள். மேலே ஐந்து, கீழே ஐந்து எனச் சின்னஞ்சிறு துடுப்புகள் இருக்கும். விரைந்து நீந்தும் இனத்தின் அடையாளம் இது. மீனை வெட்டினால் உள்ளே கருஞ்சிவப்புத் தசையும் தெரியும். ஓயாமல் நீந்தும் மீனுக்கு அந்தத் தசை வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: இந்த மீனை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்திருந்தால், பாக்டீரியாக்கள் அதன் தசையில் ஹிஸ்டமின் என்னும் பொருளை உண்டாக்கும். அது உடலில் தடிப்பும் தலைவலியும் தரும். சமைத்தாலும் அது அழியாது. ஆகவே செவுள் சிவப்பாகவும் கண் தெளிவாகவும் உள்ள மீனாகப் பார்த்து வாங்குங்கள்.

வலையும் காற்றும்

கானாங்கெளுத்தியைப் பிடிக்கச் செவுள் வலையை நீரில் திரை போலத் தொங்கவிடுகிறார்கள். மேல் கயிற்றில் மிதவைகள், கீழ்க் கயிற்றில் எடைகள். மீன் தலையை நுழைக்கும், உடல் நுழையாது. பின்னுக்கு இழுத்தால் செவுள் மூடியில் நூல் மாட்டிக்கொள்ளும். குஞ்சு தப்பிவிடும், மிகப் பெரிய மீன் முட்டித் திரும்பிவிடும். கண்ணியின் அளவே எந்த மீன் அகப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது. இதனால்தான் வலைக் கண்ணியைச் சிறிதாக்கக் கூடாது என்கிறார்கள். 14 சென்டிமீட்டருக்குக் குறைவான கானாங்கெளுத்தியைப் பிடிக்கக் கூடாது என்று கேரளம் விதி செய்துள்ளது.

அமைதியான கடலில் மீன் கூட்டத்தைக் கண்டுபிடிப்பது எளிது. மேல் நீர் சிலுசிலுக்கும். ஆலாப் பறவைகள் வட்டமிட்டு விழும். காற்று அடித்தால் எங்கும் வெண்ணுரை, சிலுசிலுப்பு தெரியாது. ஆனால் கலங்கிய நீரில் மீனின் கண்ணுக்கும் வலை தெரியாது. காற்று ஒரு கையால் கொடுக்கிறது, மறு கையால் மறைக்கிறது.

வலை விட்ட பின் அதன் ஒரு முனையைப் படகின் முன்பக்கத்தில் கட்டி வைப்பது வழக்கம். படகின் மேல் காற்று படுகிறது. வலையோ நீருக்குள் இருக்கிறது. ஆகவே படகு வேகமாக ஒதுங்க முயலும், வலை அதைப் பிடித்து இழுக்கும். விளைவு என்ன? படகின் முகம் காற்றுக்கும் அலைக்கும் நேராக நிற்கும். பக்கவாட்டில் அலை மோதினால்தான் படகு கவிழும் ஆபத்து அதிகம். மீன் பிடிக்கும் வலையே நங்கூரமாகவும் வேலை செய்கிறது.

எப்போது திரும்ப வேண்டும்?

1805-இல் ஆங்கிலக் கடற்படை அதிகாரி பியூபோர்ட், காற்றின் பலத்துக்கு 0 முதல் 12 வரை எண் கொடுத்தார். கருவி எதுவும் தேவையில்லை, கண் போதும்.

எண் 3: மணிக்கு 12 முதல் 19 கி.மீ. அங்கங்கே வெண்ணுரை. இலைகள் ஓயாமல் அசையும்.
எண் 4: 20 முதல் 28 கி.மீ. வெண்ணுரை அடிக்கடி தெரியும். தூசியும் காகிதமும் பறக்கும்.
எண் 5: 29 முதல் 38 கி.மீ. எங்கும் வெண்ணுரை. சிறு மரங்கள் ஆடும்.
எண் 6: 39 முதல் 49 கி.மீ. பெரிய அலைகள், நீர்த்தூறல். பெரிய கிளைகள் ஆடும்.

ஒரு கணக்கு: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். 20 கி.மீ. காற்றில் சமாளித்தவர் 40 கி.மீ. காற்றிலும் சமாளிக்கலாம் என்று நினைப்பது இதனால்தான் தவறு.

வானிலை ஆய்வு மையம், "மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று அறிவிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அந்த எண்ணை மேலே உள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். அதன் பொருள் புரியும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரி, கேரளக் கடல்களில் மீனவர் பலரைப் பலிகொண்டது. பல நாள் தங்கலுக்கு முன்பே ஆழ்கடல் சென்றிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரைக்கு அப்பால் சில கிலோமீட்டரில் கைப்பேசி அலை நின்றுவிடும். அதன் பிறகுதான், 2019-இல், நம் நாட்டின் ககன் செயற்கைக்கோள்கள் வழியே ஆழ்கடல் படகுக்கும் எச்சரிக்கை அனுப்பும் கருவி அறிமுகமானது. ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்னும் இந்தியக் கடல்சார் தகவல் மையம் மீன் கிடைக்கக்கூடிய இடங்களையும் அறிவிக்கிறது. எப்படி? கடல் நீரின் வெப்பத்தையும் பாசியின் நிறத்தையும் செயற்கைக்கோள் அளக்கிறது. மேலெழுச்சி, நுண்பாசி, மீன் என்று நாம் பார்த்த அதே சங்கிலிதான்!

திரும்பி வந்தால் கரை வேண்டுமே

காற்று இன்னொரு வேலையும் செய்கிறது; மணலை நகர்த்துகிறது. தென்மேற்குப் பருவக் காலத்தில் அலைகள் மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளும். ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதுதான் மிகுதி. 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே நின்றது. வடக்கே நகரக் கரைக்கு வரவு நின்றது, செலவு தொடர்ந்தது. மணல் கரைந்தது. குருசுகுப்பம், வைத்திக்குப்பம் வரை கருங்கற்களைக் கொட்டிக் கரையைக் காக்க வேண்டியதாயிற்று. 2018-இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு அருகே நீருக்குள் ஒரு தடுப்பை அமைத்தபின் நகரக் கடற்கரையில் ஓரளவு மணல் சேர்ந்தது.

படகை இழுத்து வைக்க மணல் வேண்டும். காற்றுள்ள நாளில், அலையின் முதுகில் ஏறி வரும் படகுக்கு முன்னால் மணல் இருப்பதற்கும் கல் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

ஒரு மாதம் காலையும் மாலையும் மரக்கிளையைப் பார்த்துக் காற்றின் எண்ணையும் திசையையும் குறித்து வாருங்கள். அதே நாட்களில் சந்தையில் கானாங்கெளுத்தி கிலோ என்ன விலை என்றும் கேட்டு எழுதுங்கள். இரண்டையும் வரைபடத்தாளில் வரையுங்கள். பலத்த காற்று வீசிய நாளில் விலை ஏறியதா? காற்று ஓய்ந்த சில நாட்களுக்குப் பின் இறங்கியதா? மீன் விற்கும் அம்மாவிடம் உங்கள் வரைபடத்தைக் காட்டுங்கள். அவர் சொல்லும் காரணங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வரைபடத்தில் இல்லாத செய்தி அதில் ஒன்றாவது இருக்கும்.