மொறிஸ் மைனரின் மூச்சு

முப்பத்திரண்டு ஆண்டுகள் இரசாயனம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். நிறைவற்ற தகனம் என்னும் பாடத்தை எத்தனை வகுப்புகளுக்கு நடத்தியிருப்பேன் என்று எண்ணிச் சொல்ல இயலாது. காற்றுப் போதாதவிடத்து எரிபொருளிலுள்ள காபன் முழுதும் காபனீரொட்சைட்டாக மாறாது. ஒரு பகுதி காபனோரொட்சைட்டாக வெளியேறும். அவ்வாயு நிறமற்றது, மணமற்றது, கொடிய நஞ்சு. இவ்வரிகளைக் கரும்பலகையில் எழுதி எழுதியே என் வலத்தோள் நோவெடுத்தது. அத்தகைய ஒருவனுடைய சொந்த மோட்டார் வண்டி புகைப் பரிசோதனையிலே தேறாது வீடு திரும்பிய கதையை இங்கு எழுதுகின்றேன். வாசகர் சிரிப்பாராயின் சிரிக்கட்டும். என் பழைய மாணாக்கர் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டனர்.

வண்டி என் தந்தையாருடையது. 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் கொண்டது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளரின் கைவண்ணமாகிய இவ்வகை வண்டிகள் 1948 தொடக்கம் 1971 வரை இங்கிலாந்தில் 16 இலட்சத்துக்கு மேலாகச் செய்யப்பட்டன. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற உடல். கல்லுக்கும் பள்ளத்துக்கும் அஞ்சாத கால். தந்தையார் காலமான பின்பு, எண்பத்தேழு வயதான என் அன்னையாரை நல்லூருக்கும் கீரிமலைக்கும் கொண்டுசெல்வதற்கென்றே அதனை வைத்திருக்கின்றேன். வேறு வண்டியில் ஏற அவர் இசைவதில்லை.

2008ஆம் ஆண்டிலே மேல் மாகாணத்தில் தொடங்கிய புகைப் பரிசோதனை பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. அதன் சான்றிதழ் இல்லாது ஆண்டுதோறும் எடுக்கவேண்டிய வருமான அனுமதிப்பத்திரத்தைப் பெறமுடியாது. எங்கள் குடும்பத்து மெக்கானிக் அண்ணை, பரிசோதனைக்கு முதல் நாள் வண்டியைக் கொண்டுபோய், மறுநாள் மாலை சான்றிதழோடு கொண்டுவந்து விடுவார். ஆண்டு தவறாது தேறும். அறுபது வயது வண்டி எப்படித் தேறுகின்றது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வகுப்பில் அந்தச் சான்றிதழைக் காட்டிப் பெருமை பேசியதுமுண்டு. சென்ற ஆண்டு அவருக்குக் கண்பார்வை முற்றாகப் போய்விட்டது. எனவே இவ்வாண்டு நானே வண்டியை ஓட்டிச் சென்றேன்.

பரிசோதனை எளியது. புகைக்குழாயினுள் ஒரு நுண்குழாயைச் செருகுகின்றனர். எஞ்சின் தன்பாட்டில் மெல்ல ஓடும்போது ஓர் அளவு. நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு உயர்த்தி இன்னோர் அளவு. என் கையில் வந்த கடதாசியிலே காபனோரொட்சைட்டு மெல்லோட்டத்தில் 5.9 வீதம், வேகத்தில் 6.7 வீதம் என்றிருந்தது. இரண்டும் எல்லை கடந்தவை. ஐதரோக்காபன் மட்டும் எல்லைக்குள் நின்றது.

அருகிலிருந்த கராஜிலே ஓர் இளைஞர் கடதாசியைப் பார்த்ததும், “சேர், எண்ணெய் மாத்துவம், பிளக் மாத்துவம், பெற்றோலுக்கை ஒரு மருந்து விடுவம்” என்றார். பொதுவான வைத்தியம். ஆனால் அக்கடதாசி ஏற்கெனவே பாதி நோயைச் சொல்லிவிட்டது. பிளக்கில் தீப்பொறி தவறுமாயின் எரியாத பெற்றோல் அப்படியே வெளியேறி ஐதரோக்காபன் பன்மடங்கு உயரும். இங்கே அஃது உயரவில்லை. எரிகின்றது, ஆனால் குறைவாக எரிகின்றது. ஒரு கிலோ பெற்றோல் முற்றாக எரிவதற்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எங்கள் வண்டிக்குக் காற்றுப் போதவில்லை, அல்லது பெற்றோல் மிகுந்துவிட்டது. இரண்டிலொன்று.

மருந்து வேண்டாமென்று வீட்டுக்கு வந்து, கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு நானே வேலையில் இறங்கினேன்.

முதலிற் காற்று வடி. அதிலே எங்கள் செம்மண் ஓர் அங்குலம் படிந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன், அத்துணை மோசமில்லை. துப்புரவாக்கினேன். பிளக்குகளைக் கழற்றினேன். நான்கும் அடுப்புக்கரி போல உலர்ந்த கறுப்பு. எஞ்சின் எண்ணெய் எரிந்திருந்தால் ஈரமாய்ப் பளபளத்திருக்கும். ஆகவே வளையங்களையும் வால்வுகளையும் ஐயுறவேண்டியதில்லை, குற்றவாளி காபுரேற்றர்தான்.

மொறிஸின் காபுரேற்றரைத் திறந்து பார்க்காதவர்களுக்கு ஒரு சொல். அதில் ஒரு சிறு முசலம் உண்டு. எஞ்சின் எவ்வளவு காற்றை உறிஞ்சுகின்றதோ அதற்கேற்ப அஃது உயரும், தாழும். முசலத்தின் அடியிலே ஒரு பித்தளை ஊசி. ஊசி கீழே பெற்றோல் வரும் துவாரத்தினுள் இறங்கி நிற்கும். ஊசி நுனிநோக்கி ஒடுங்குவதால், முசலம் உயர உயரத் துவாரத்தில் இடைவெளி பெருகிப் பெற்றோலும் பெருகும். காற்றும் எரிபொருளும் கைகோத்து நடப்பதற்கு இத்துணை எளிய வழியை வேறெவரும் கண்டாரில்லை என்பது என் கருத்து. அடியிலுள்ள சுரையைத் திருப்பித் துவாரத்தை ஏற்றினால் கலவை மெலியும், இறக்கினாற் கொழுக்கும். குளிரில் எஞ்சினை இயக்குவதற்கு இழுக்கும் சோக்கும் அந்தத் துவாரத்தைத்தான் கீழே இழுக்கின்றது. சோக்கை உள்ளே தள்ளியபின்னும் துவாரம் முழுதும் மேலேறாது சிக்கி நிற்குமாயின் வண்டி நாள் முழுவதும் பெற்றோலைக் குடித்துக்கொண்டேயிருக்கும்.

அங்கே சிறிது சிக்கல் இருந்தது, துடைத்துச் சீராக்கினேன். மிதவைக் கிண்ணத்திற் பெற்றோல் வழியவில்லை. முசலத்தை விரலால் உயர்த்தி விட்டேன்; ‘டக்’கென்ற ஓசையோடு தடையின்றி விழுந்தது. பின்பு எஞ்சினை ஓடவிட்டு, முசலத்தை மயிரிழை உயர்த்தி, காதைத் தீட்டிக்கொண்டு சுரையைத் திருப்பினேன். உயர்த்தும்போது எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றாற் கலவை கொழுப்பு. எஞ்சின் தளர்ந்து நிற்கப்போனால் மெலிவு. கணம் கூடிப் பின் பழைய நிலைக்கு வந்தாற் சரி. மாலைக்குள் அந்தச் சரியை அடைந்துவிட்டேன் என்றெண்ணி, உறங்குமுன் கண்ணாடியில் என்னைச் சற்று மதிப்போடு பார்த்துக்கொண்டேன்.

மறுபரிசோதனையில் மெல்லோட்டம் 2.4. தேறிற்று. வேகத்தில் 5.8. தேறவில்லை.

கராஜ் இளைஞர் இரக்கப்பட்டார். “சேர், ஒருநாளைக்குப் பாஸாக்கிறதெண்டால் வழி இருக்கு. பிறகு பழையபடி விடுவம். எல்லாரும் செய்யிறதுதானே” என்றார். உண்மையைச் சொல்கின்றேன்: நான் மறுக்கவில்லை. யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு வந்தேன். அனுமதிப்பத்திரம் முடிய ஐந்து நாட்களே இருந்தன. கீரிமலைக்குப் போகவேண்டிய நாளும் நெருங்கிற்று. தந்தையாரின் ஆட்டைத் திவசம்.

அன்றிரவு, புகைக்குழாயில் ஓட்டையிருந்தால் அளவு பிழைக்குமோ என்ற ஐயத்தில் வண்டியின் கீழே பாய் விரித்துப் படுத்து விளக்கைப் பிடித்தேன். பின்னிருக்கைக்கு நேர் கீழே, குழாயின் பொருத்தில் விரல் நுழையும் வெடிப்பு. அதற்கு மேலேயுள்ள தரைத்தகடு துருவேறி இற்றுப்போயிருந்தது. துளையைச் சுற்றிக் கரி, பூப்போலப் படர்ந்திருந்தது.

பின்னிருக்கை அன்னையாருடைய இடம்.

ஓராண்டுக்கு மேலாக அவர், “வண்டியிலை ஏறினால் தலையிடிக்குது மோனை” என்று சொல்லிவந்தார். வயிற்றைப் பிரட்டுவதாகவும் சொன்னதுண்டு. மழைக்காலமாயிற்றே, கண்ணாடிகளை இறுகப் பூட்டியே ஓட்டுவேன். கீரிமலையில் இறங்கிக் கடற்காற்றுப் பட்டுச் சிறிது நேரமானால் மாறிவிடும். தீர்த்தத்தின் மகிமை என்பார். முதுமை என்றேன் நான். காபனோரொட்சைட்டு குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான வலிமையோடு பற்றிக்கொள்ளும். தலையிடி, மயக்கம், குமட்டல் அதன் முதற்குறிகள். நல்ல காற்றில் மெல்ல விடுபடும். இதையும் முப்பத்திரண்டு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன் நான்தான். பாயில் அப்படியே நெடுநேரம் கிடந்தேன்.

விடிந்ததும் குழாயையும் தகட்டையும் ஒட்டுவதற்கு ஆள் பிடித்தேன். ஆயினும் வேகத்தில் ஏறும் அந்த 5.8 எங்கிருந்து வருகின்றது? சுரை சரியாயின் மெல்லோட்டம் சரி. முசலம் உயர்ந்தபின் பிழைக்கின்றதென்றால், ஊசியின் கீழ்ப்பாகம் தன் உருவிலில்லை. ஊசியைக் கழற்றிக் கடதாசியிற் பொதிந்துகொண்டு, கொக்குவிலில் மெக்கானிக் அண்ணையின் வீட்டுக்குச் சென்றேன்.

திண்ணையில் இருந்தார். ஊசியை அவர் கையில் வைத்தேன். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அதனை உருட்டி, தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே விரலை நிறுத்தினார்.

“இது நான் தேய்ச்சது, தம்பி.”

1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. நான் அக்காலம் கொழும்பிலே படிப்பித்தேன். வீட்டுச் செய்தி மாதக்கணக்கில் வராது. இங்கே வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினை அதனால் எழுப்ப முடியாது. ஆதலால் சிறு போத்தலில் அரிதாகக் கிடைத்த பெற்றோலை வைத்து, சேலைன் குழாய் வழியே சில துளி விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஆவியாகாத பங்கை ஈடுசெய்யக் கூடுதலாக ஊற்றவேண்டும். ஊசி தடித்திருந்தது. “அரம் போட்டால் வடு விழும். கையாலை சுத்திற துளைபொறியிலை பூட்டிச் சுழட்டி, எமரித் தாளாலை தேய்ச்சன். மூண்டு நாள் சென்றது.” தீப்பொறியையும் சற்றுப் பிந்தவைத்தாராம், எஞ்சின் இடிக்காதிருக்க.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் முடிவில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் எழுந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனபோது, அந்த ஊசியோடுதான் மொறிஸ் போயிற்று. உள்ளே என் தந்தையார், அன்னையார், பாட்டியார், பிறந்து ஒன்பது நாளான பிள்ளையோடு அயல்வீட்டுப் பெண். நடப்பவர் நெருக்கத்தில் விடியும்வரை ஊர்ந்ததாம், ஓரிடத்திலும் நின்றுவிடவில்லை.

“2002இலை பாதை திறந்து பெற்றோல் வந்தபிறகாவது மாத்தியிருக்கலாமே, அண்ணை?”

“ஐயா விடேல்லை. எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஊசி, அது கிடக்கட்டும் எண்டார். பெற்றோல் குடிக்கும் எண்டு சொன்னன். குடிக்கட்டும் எண்டார்.”

“அப்ப ஒவ்வொரு வருசமும் எப்பிடிப் பாஸானது?”

சிறிது நேரம் பேசாதிருந்தார். “கோண்டாவிலிலை இன்னொரு மொறிஸ் நிண்டது. அதின்ரை காபுரேற்றரை ஒருநாளைக்குக் கழட்டிப் பூட்டுவன்” என்றார்.

என் பெருமைக்குரிய சான்றிதழ்கள் யாவும் கோண்டாவில் மொறிஸினுடையவை! கோபிக்கவேண்டும் என்று தோன்றிற்று, முடியவில்லை. அன்னையாரின் தலையிடியைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறிற்று. குழாய் வெடித்தது தமக்குத் தெரியாதென்றும், கண் இருந்த காலத்தில் அது நல்ல குழாயென்றும் இரண்டு முறை சொன்னார். ஊசியை என் கையில் திருப்பித் தந்து, “மாத்து தம்பி. ஐயா இருந்திருந்தாலும் இதைக் கேட்டால் மாத்தச் சொல்லுவார்” என்றார்.

புதிய ஊசி கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸிலே வந்து சேர்ந்தது. அதன் விலை என் மதிய உணவின் விலையைக் காட்டிலும் மிகையன்று. பழையதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெறுங்கண்ணுக்கு வேறுபாடு புலனாகவில்லை. பூட்டி, சுரையை மீண்டும் காதால் அமைத்தேன். மெல்லோட்டத்தில் 1.8, வேகத்தில் 1.2.

எங்கள் வண்டி பிறந்த காலத்தில் இத்தகைய பரிசோதனையை எவரும் எண்ணியதில்லை. லொஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடிய கண்ணெரிக்கும் மூட்டத்துக்கு மோட்டார் வண்டிகளின் புகையும் வெயிலும் காரணமென்று ஹாகன்-ஸ்மித் என்னும் இரசாயனவியலார் 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். கலிபோர்ணியாவில் புகைக்குழாய்க்கு எல்லை விதித்து வண்டிகள் விற்கப்பட்டது 1966ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்துதான். அதற்கு ஏழு ஆண்டுகள் மூத்த வண்டி ஒன்றுக்கு 1.2 என்பது, ஆசிரியனாகச் சொல்கின்றேன், சிறப்புச் சித்தி.

பழைய ஊசி தந்தையாரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டினுள் இருக்கின்றது. திவசத்தன்று அன்னையார் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டார். நான் சன்னல்கள் நான்கையும் இறக்கினேன். தேவையில்லைதான், என்றாலும் இறக்கினேன். கீரிமலையில் இறங்கியதும் தலையிடி எப்படியென்று கேட்டேன். “அதுதான் தீர்த்தத்துக்கு வந்திட்டமே” என்றார், தலையிடி தொடங்கவேயில்லை என்பதை மறந்தவராய்.

திரும்பும் வழியிற் கொக்குவிலில் நிறுத்தினேன். மெக்கானிக் அண்ணை படலையடிக்கு வந்து, போனற்றின்மேற் கையை வைத்து எஞ்சின் ஓடுவதைக் கேட்டார். கடதாசியை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“ரெண்டாவதை இன்னொருக்கால் வாசி” என்றார்.

வாசித்தேன்.